8,230 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். அங்கே படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க முதல் தடவையாகக் கிளம்பும் பெற்றோர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

சென்னை – லண்டன் தூரத்தை ஓர் இணையதளம் 8,230 என்கிறது, இன்னொன்று 5,114 என்கிறது, மூன்றாவது 4,444 என்கிறது. எதை நம்புவது?
– வாசகர், மன்னார்குடி

மூன்றையும் நம்பலாம். 8,230 என்பது கிலோமீட்டர். 5,114 என்பது நாம் சாதாரணமாகச் சொல்லும் மைல், அதாவது 1.609 கி.மீ. 4,444 என்பது கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களும் கடல்மைலில்தான் பேசுவார்கள். எந்த மைல் என்று சொல்லாமல் வெறுமனே மைல் என்று போட்டுவிடும் தளங்களால் வரும் குழப்பம் இது. எண்ணைப் பார்த்ததும் அலகைப் பாருங்கள்.

பத்து, இருபது கிலோமீட்டர் முன்பின்னாகக் காட்டினால் அதற்குக் காரணம் வேறு. சில தளங்கள் ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடு வரை அளக்கின்றன. சில, மீனம்பாக்கத்திலிருந்து ஹீத்ரோ வரை அளக்கின்றன. ஹீத்ரோ விமான நிலையம் லண்டன் நகர நடுவிலிருந்து மேற்கே 20 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே உருண்டையில் 1 செ.மீ. என்பது 425 கி.மீ. நூலின் ஒரு முனையைச் சென்னையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை லண்டன் வரை இழுத்து இறுக்குங்கள். நூல் தளர்ந்திருந்தால் கணக்கு கூடுதலாக வரும். நன்றாக இறுக்கும்போது அது உருண்டை மேல் வழுக்கி நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. அந்த நூலை எடுத்து அளவுகோலில் வைத்தால் 19.4 செ.மீ. இருக்க வேண்டும். 19, 20 என்று வந்தாலும் கவலை வேண்டாம், கைப்பிழைதான்.

சுவர் வரைபடத்தில் சென்னையையும் லண்டனையும் நேர்கோட்டில் இணைத்தால் அரபிக் கடல், ஈராக், துருக்கி வழியாகப் போகிறது. குறுகிய பாதை பாகிஸ்தான், ரஷ்யா, உக்ரைன் மேலே போகும் என்று என் மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, தேவகோட்டை

மகன் சொல்வது சரி. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்கே போகப் போக நாடுகள் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். அதனால் தாளில் நேராகத் தெரியும் கோடு தரையில் சுற்றுவழி. நீங்கள் போட்ட கோட்டின் வழியே போனால் சுமார் 8,480 கி.மீ. ஆகும். குறுகிய பாதையைவிட 250 கி.மீ. அதிகம்.

அந்தக் குறுகிய பாதை எங்கெங்கே போகிறது என்று பார்ப்போம். மீனம்பாக்கத்தில் கிளம்பி, வடக்கிலிருந்து 40 பாகை மேற்கே மூக்கைத் திருப்ப வேண்டும். நாசிக் அருகே போய், குஜராத்தின் கட்ச் பகுதியைத் தாண்டி, பாகிஸ்தானின் சிந்து மாகாணம், பிறகு கிழக்கு ஈரான். பயணத்தின் சரிபாதி வரும் இடம் காஸ்பியன் கடல், பாகு நகரத்துக்குத் தென்கிழக்கே. அதன் பிறகு ரஷ்யாவின் காகசஸ் பகுதி, உக்ரைன், மால்டோவாவின் வட முனை என்று போய் மத்திய ஐரோப்பா வழியாக லண்டன்.

இப்போது அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 அன்று பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. மறுநாளே ரஷ்யா, பிரிட்டன் விமானங்கள் தன் வான்வெளிக்குள் வரத் தடை போட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஈரானும் ஈராக்கும் சண்டை காரணமாகச் சில நாட்கள் மூடிவிட்டன. குறுகிய பாதையில் இருக்கும் நாடுகளில் பாதிக்குமேல் ஏதோ ஒரு சமயம், யாரோ ஒருவருக்குக் கதவைச் சாத்தியிருக்கின்றன.

ஆகவே விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக் கடலைக் கடந்து, வளைகுடாப் பக்கமாகப் போய், துருக்கி, கருங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைகின்றன. அன்றன்றைய நிலவரப்படி இதுவும் மாறும். ஆக, நீங்கள் சுவரில் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில்தான் இப்போது விமானம் பறக்கிறது! கணக்கில் மகன் ஜெயித்தாலும், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தால் நீங்கள் சொன்ன வழிதான் தெரியும்.

மூடிய வானம் எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதற்கு ஹெல்சிங்கி – டோக்கியோ தடத்தைப் பார்க்கலாம். ரஷ்யா மேலே பறந்தபோது ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்த பயணம், 2022க்குப் பிறகு சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. பின்லாந்தின் ஃபின்னேர் விமான நிறுவனம் வட துருவத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சென்னை – லண்டனுக்கு அந்த அளவு அடி விழவில்லை. தெற்கு ஊர் என்பதால் நமக்குச் சுற்று குறைவு.

போகும்போது பதினொரு மணி நேரம், வரும்போது பத்து மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே, ஏன்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது என்றால், லண்டன்தானே நம்மை நோக்கி வர வேண்டும்? போகும்போதுதானே சீக்கிரம் போக வேண்டும்?
– வாசகர், விருதுநகர். இதே கேள்வியை ஈரோடு, மதுரை வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்

முதலில் பூமி. அது சுற்றும்போது காற்று மண்டலத்தையும் சேர்த்தேதான் சுற்றுகிறது. மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானம் தரையோடு சேர்ந்து ஏற்கெனவே மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. மேலே எழும்பினாலும் அந்த வேகம் விட்டுப் போவதில்லை. ஓடும் ரயிலுக்குள் எகிறிக் குதித்தால் நின்ற இடத்திலேயே இறங்குகிறோம், பின் பெட்டியில் போய் விழுவதில்லை. அதே கதைதான். ஆகவே லண்டன் நம்மை நோக்கி வராது.

நேரத்தை மாற்றுவது காற்று. தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போல ஓடும் வேகமான காற்று உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் வட இந்தியா, ஈரான், துருக்கி மேலே இது பலமாக இருக்கும். மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம்.

சின்னக் கணக்கு ஒன்று. இந்தத் தடத்தில் பறக்கும் போயிங் 787, காற்றைக் கிழித்துப் போகும் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. வழி நெடுகச் சராசரியாக 50 கி.மீ. எதிர்காற்று இருந்தால் தரைக்கணக்கில் வேகம் 850. சுற்றுவழியைச் சேர்த்துத் தூரம் 8,500 கி.மீ. என்று வைத்தால் சரியாகப் பத்து மணி நேரம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 950, நேரம் எட்டு மணி 57 நிமிடம். ஒரு மணி நேர வித்தியாசம் அப்படியே வந்துவிட்டது. தரையில் உருளும் நேரம், ஏறும், இறங்கும் நேரம் இரண்டு பக்கமும் தனி.

காற்றின் பலம் எவ்வளவு என்று நம்ப முடியாவிட்டால் ஒரு பதிவு இருக்கிறது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறரை மணி நேரம் ஆகும் தடம். தரைக்கணக்கில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியைவிட வேகமாகப் போனதா என்றால் இல்லை. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் அது எப்போதும்போலத்தான் பறந்தது. காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போனது.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் 14 – 16 கி.மீ. உயரத்தில் காற்று தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம் 1958இல் விரிவாக எழுதிய கீழைக்காற்று ஜெட் இதுதான். கிட்டத்தட்ட சென்னையின் தலைக்கு மேலேயே ஓடுகிறது. விமானம் அதன் மையத்துக்குக் கீழேதான் பறக்கிறது என்றாலும் அதன் தள்ளு கொஞ்சம் கிடைக்கும். அதே மாதங்களில் மேற்கத்திய ஜெட் இமயமலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். அதனால் லண்டன் போகிறவர்களுக்கு ஜனவரியைவிட ஜூலையில் எதிர்காற்றுத் தொல்லை குறைவு.

டிக்கெட்டில் சென்னை புறப்பாடு 05.45, லண்டன் வருகை 12.10 என்று இருக்கிறது. ஆறரை மணி நேரத்தில் போய்விடுமா? திரும்பும் டிக்கெட்டில் 13.30 புறப்பாடு, 05.00 வருகை, பக்கத்தில் +1 என்று போட்டிருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.
– வாசகி, பட்டுக்கோட்டை

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். இரண்டையும் நம் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் விடை வந்துவிடும்.

லண்டன் நம்மைவிட குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்வதால் நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை கோடைக் கணக்கு.

உங்கள் பயணம் கோடையில் என்றால், லண்டன் பகல் 12.10 என்பது நமக்கு மாலை 4.40. காலை 5.45ஐக் கழித்தால் 10 மணி 55 நிமிடம். இதுதான் பயண நேரம். அதே விமானம் டிசம்பரில் அதே 5.45க்குக் கிளம்பி அதே நேரம் எடுத்துக்கொண்டால் டிக்கெட்டில் வருகை 11.10 என்று இருக்கும். விமானம் வேகமாகப் போகவில்லை, கடிகாரம்தான் மாறியிருக்கிறது.

திரும்பும்போது, குளிர்காலம் என்று வைத்தால், லண்டன் பகல் 1.30 நமக்கு இரவு 7.00. மறுநாள் காலை 5.00க்கு இறங்கினால் சரியாகப் பத்து மணி நேரம். +1 என்பது மறுநாள் என்பதற்கான குறி. சென்னைக்கு அழைக்க வருகிறவர்களுக்குத் தேதி சொல்லும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து போகும் டிக்கெட்டில் இருக்கிறது. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் நிறைய நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 12ஆம் தேதி 00.40 என்று இருந்தால், நீங்கள் 11ஆம் தேதி இரவு 9 மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 12ஆம் தேதி ராத்திரி என்று நினைத்துக்கொண்டு சாவகாசமாகப் பெட்டி கட்டி, ஒரு நாள் முழுக்கப் பிந்திப் போய் நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வராமல் விட்டதாகக் கணக்காகி, பெரும்பாலும் திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகிவிடும். டிக்கெட் கைக்கு வந்ததும் காலண்டரில் விமானத் தேதியை எழுதாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள்.

நேரடி விமானத்தைவிட துபாய் வழியாகப் போனால் டிக்கெட் விலை குறைகிறது. ஆனால் தூரம் ரொம்பச் சுற்று இல்லையா?
– வாசகர், காரைக்குடி

தூரத்தில் சுற்றே இல்லை என்று சொல்லலாம். சென்னை – துபாய் 2,930 கி.மீ., துபாய் – லண்டன் ஹீத்ரோ 5,500 கி.மீ., ஆக 8,430. நேர்த் தூரத்தைவிட 200 கி.மீ.தான் கூடுதல். விமானத்துக்கு அது கால் மணி நேரம். சென்னையிலிருந்து பார்த்தால் துபாய் போகிற வழியில்தான் இருக்கிறது. வளைகுடா விமான நிறுவனங்கள் நம் ஊர்ப் பயணிகளை இத்தனை பேரைப் பிடித்ததற்கு இந்தப் புவியியலும் ஒரு காரணம்.

நேரம் போவது வேறு இடங்களில். ஒரு தடவை கூடுதலாக இறங்கி ஏறுவது, தரையில் உருள்வது, இடையில் காத்திருப்பது. சென்னை – துபாய் நாலே கால் மணி நேரம், துபாய் – லண்டன் ஏழரை மணி நேரத்துக்கு முன்பின். நடுவில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் மொத்தம் பதினைந்து மணி நேரத்தை நெருங்கும். நேரடி விமானத்தோடு ஒப்பிட்டால் நாலு மணி நேரம் கூடுதல். காத்திருப்பு எட்டு மணி நேரம் என்றால் அந்த விலைக் குறைவு உண்மையில் குறைவுதானா என்று யோசிக்க வேண்டும், அதுவும் வயதானவர்கள் கூட வந்தால்.

எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு விமானமும் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் சொல்வோம். அப்படி இருந்தால் பெட்டி சென்னையில் போட்டது லண்டனில் வரும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால் இரண்டும் கிடையாது. இடையில் இம்மிக்ரேஷன் தாண்டி வெளியே போய்ப் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டியிருக்கும். தவறவிட்டால் புது டிக்கெட் உங்கள் செலவில். மிச்சம் பிடித்த பணத்தைப்போல மூன்று மடங்கு போய்விடும்.

ஒரே டிக்கெட்டிலும் ஒன்றேகால் மணி நேர இடைவெளியை விற்பார்கள். இளைஞர்கள் ஓடிப் பிடிக்கலாம். அப்பா அம்மாவுக்கு இரண்டரை முதல் நாலு மணி நேர இடைவெளியாகப் பார்த்து எடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள், கவுன்ட்டரில் வந்து கேட்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போவதற்குச் சென்னை வழியா, கொழும்பு வழியா, எது கிட்ட?
– வாசகர், நல்லூர்

தூரத்தில் சென்னை வழிதான் கிட்ட. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னை சுமார் 350 கி.மீ., அங்கிருந்து லண்டன் 8,230, மொத்தம் 8,580. பலாலியிலிருந்து கொழும்பு கட்டுநாயக்கா வான்வழியில் சுமார் 290 கி.மீ., அங்கிருந்து லண்டன் சுமார் 8,700, மொத்தம் 9,000ஐ ஒட்டி வரும். சென்னை வழியில் 400 கி.மீ. மிச்சம்.

ஆனால் நேரத்தில் அது அப்படியே மிச்சமாகாது. பலாலி – சென்னை விமானம் சின்னது, பகலில் வருவது. லண்டன் விமானம் கிளம்பும் நேரத்தோடு அது ஒட்டாவிட்டால் சென்னையில் இரவு தங்க வேண்டிவரும். இரண்டும் தனி டிக்கெட் என்றால் இந்திய விசாவும் வேண்டும். கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் லண்டனுக்கு நேரடியாகப் பறக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் ஆனாலும், விசா தலைவலி இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எங்கள் யோசனை கொழும்பு. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் அமைந்து, இடைவெளியும் ஒழுங்காக வந்தால் மட்டும் சென்னையைப் பாருங்கள்.

டிக்கெட்டில் 10 மணி 55 நிமிடம் என்று இருக்க, விமானி மைக்கில் "பறக்கும் நேரம் 10 மணி 10 நிமிடம்" என்று அறிவித்தார். எது உண்மை?
– வாசகர், திருச்சி

இரண்டும். டிக்கெட்டில் இருப்பது, விமானம் கேட்டிலிருந்து பின்னால் நகரத் தொடங்கியது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் கேட்டில் நிற்பது வரை. விமானி சொல்வது ரன்வேயை விட்டு எழும்பியது முதல் தரை தொடுவது வரை. சென்னையில் ரன்வே முனை வரை உருள்வதற்கு 10 – 20 நிமிடம், ஹீத்ரோவில் இறங்கிய பிறகு டெர்மினலுக்கு வர இன்னொரு 10 – 15 நிமிடம். மிச்சம் இருப்பது, தாமதமானாலும் சமாளிக்க நிறுவனம் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நேரம்.

ஹீத்ரோவுக்கு அந்தச் சேமிப்பு அவசியம். நெரிசல் நேரத்தில் வரும் விமானங்களைப் போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்ற நான்கு இடங்களின் மேலே ஒன்றன் மேல் ஒன்றாக, 1,000 அடி இடைவெளியில் வட்டமடிக்க வைப்பார்கள். கீழே இருப்பது முதலில் இறங்கும், மேலே இருப்பது ஒரு படி கீழே வரும். முன் இருக்கைத் திரையில் உங்கள் விமானம் லண்டன் பக்கத்தில் வட்டம் போடுவதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பத்து, பதினைந்து நிமிடத்தில் முறை வந்துவிடும். அதற்கான எரிபொருள் கணக்கில் உண்டு. போய்ச் சேரத் தேவையானது, எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம், மாற்று விமான நிலையம் வரை போக வேண்டியது, அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமடிக்கக் கடைசிச் சேமிப்பு என்று அடுக்கடுக்காக ஊற்றித்தான் கிளப்புகிறார்கள்.

எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே உத்தேசமாகக் கணக்குப் போட, கிலோமீட்டரை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். 8,230க்கு இது 10 மணி 47 நிமிடம் என்று தருகிறது. இணையதளங்கள் காட்டும் பயண நேரமும் பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்குதான். காற்றும் மூடிய வானமும் அதில் சேர்ந்திருக்காது.

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் இல்லையே, தூரம் அதிகம் என்பதாலா?
– வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. சென்னை – நியூயார்க் சுமார் 13,480 கி.மீ. சிங்கப்பூர் – நியூயார்க் 15,349 கி.மீ. தடத்தை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இடைநிற்காமல் பறந்துகொண்டிருக்கிறது. விமானத்தால் முடியும். ஆண்டு முழுக்க, நல்ல விலை கொடுக்கும் முன்வரிசைப் பயணிகள் போதுமான அளவு கிடைப்பார்களா என்பதுதான் நிறுவனங்களின் கணக்கு.

சென்னையிலிருந்து லண்டன் போன விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். நஷ்ட ஈடு உண்டா? நேரத்தை எதிலிருந்து எதுவரை கணக்கிடுவார்கள்?
– மாணவர், ஈரோடு

இது முழுக்க எந்த நாட்டு நிறுவனம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் சட்டப்படி, லண்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும் உரிமை உண்டு. சென்னையிலிருந்து லண்டன் போகும்போது, பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால் மட்டும் உண்டு. வளைகுடா நிறுவனத்தில் சென்னையிலிருந்து போயிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது.

தூரம் 3,500 கி.மீ.க்கு மேல் இருந்து, நாலு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 520 பவுண்டு. மூன்று மணி நேரத்தைத் தொட்டு நாலுக்குள் என்றால் 260 பவுண்டு. இங்கே தூரம் என்பது விமானம் சுற்றிப் பறந்த தூரம் இல்லை. உருண்டையில் நூல் பிடித்து அளந்தோமே, அந்தக் குறுகிய தூரம். நடுவில் ஊர் மாறி ஏறியிருந்தாலும், ஒரே டிக்கெட் என்றால் கிளம்பிய ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே உள்ள நேர்த் தூரத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வந்து சேர்ந்த நேரம் எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சக்கரம் தரை தொட்ட நேரம் இல்லை, கேட்டில் நின்ற நேரமும் இல்லை. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்த நேரம்தான் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 3 மணி 55 நிமிடத் தாமதத்தில் தரை தொட்டு, 4 மணி 8 நிமிடத் தாமதத்தில் கதவு திறந்தால் உங்களுக்கு 520 பவுண்டு சேர வேண்டும். ஆகவே கதவு திறக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நேரம் அதில் பதிவாகிவிடும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

புயல், வான்வெளி மூடல், கட்டுப்பாட்டு அறை உத்தரவு ஆகியவற்றால் வந்த தாமதத்துக்குப் பணம் இல்லை. சாப்பாடு, தங்குமிடம் மட்டும் தர வேண்டும். சாதாரண இயந்திரக் கோளாறு என்றால் தப்பிக்க முடியாது. விமானிக்கு உடம்பு சரியில்லை என்பதும் விலக்கு ஆகாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, இன்சுலின் போடுகிறார். லண்டன் போகும் நாளில் வேளைக் கணக்கு எப்படி?
– வாசகி, திருநெல்வேலி

மேற்கே போகும் அந்த ஒரு நாள் உங்கள் அம்மாவுக்கு 24 மணி நேரம் இருக்காது. கோடையில் இருபத்தெட்டரை, குளிர்காலத்தில் இருபத்தொன்பதரை மணி நேரம். திரும்பும் நாள் அதே அளவு சுருங்கும். லண்டன் கடிகாரத்தைப் பார்த்து நேற்றுப் போட்ட அதே மணிக்குப் போட்டால் இரண்டு ஊசிக்கு நடுவே இடைவெளி நீண்டுவிடும். வரும்போது இரண்டும் நெருங்கிவிடும், சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து அதில்தான் அதிகம். ஆகவே விமானம் கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் இந்திய நேரத்தில் ஒரு தாளில் எழுதி, போவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மணிக்கு எத்தனை யூனிட் என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். விமானத்தில் ஏறிய பிறகும் அம்மாவின் கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடட்டும், லண்டனில் முதல் ஊசி முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறையில் உறைந்துபோனால் அது வீண். கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே குளுக்கோஸோ சர்க்கரை உருண்டையோ ஒரு பொட்டலம், அதுவும் மேலே உள்ள அலமாரியில் இல்லாமல் அம்மா மடிக்குப் பக்கத்தில்.